மோர் கீது

"டிவி பாக்கறதுக்கு எவனாச்சும் சம்பளம் குடுப்பானா? உன்னிய எவனோ ஏமாத்திகினு கீறான்."

எனக்கு வேலை கிடைத்த அன்று அம்மா சொன்னது. பட்டினப்பாக்கத்தில் சாலையோரம் மீன் விற்கிறவள் அவள். வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த கை நிற்காமலே சொன்னாள். மீனுக்காகக் காத்திருந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த சேனல்மா?" என்று கேட்டார்.

"பாக்கறதுக்கு இல்லம்மா, எழுதறதுக்கு" என்றேன்.

"இன்னா எழுதுவ?"

"அதுல பேசறாங்க இல்ல, அத்த."

"அதான் அவங்களே பேசறாங்களே. நீ வேற எதுக்கு எழுதணும்?"

"காது கேக்காதவங்க படிச்சுக்க."

அம்மா கத்தியைத் தண்ணீரில் அலசினாள். "அப்ப சரி. ஆனா மொத சம்பளம் வரட்டும். அப்பால நம்பறேன்."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போய் முழுதாக வெளியே வந்தவள் நான்தான். அம்மா கைநாட்டு. அப்பா தன் பெயரை மட்டும் வரைவார். நான் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கினேன். என் எழுத்தில் ஒற்றுப்பிழை இருக்காது. இதைச் சொல்லும்போது அடக்கமாக இருக்க நான் முயல்வதில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள், "டீச்சர், சாக்பீஸ் என்னாண்ட கீது" என்று சொன்னேன். டீச்சர் என்னை எழுப்பி நிறுத்தி, "என்னிடம் இருக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. வகுப்புதான் சிரித்தது. அதற்குப் பிறகு எனக்கு இரண்டு நாக்கு. ஒன்று தெருமுனை வரைக்கும். பஸ்ஸில் ஏறினதும் இன்னொன்று. கல்லூரியில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வீடு எங்கே என்று கேட்டால் "சாந்தோம் பக்கம்" என்பேன். அது பொய்யும் இல்லை.

வேலை தி. நகரில். ரவிக்கைத் துணி விற்கும் கடைக்கு மேல்மாடி. பழைய டிவி தொடர்களை டிவிடியாகப் போட்டு விற்கும் சின்ன நிறுவனம். இந்தக் காலத்தில் யார் டிவிடி வாங்குகிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் வாங்குகிறார்கள். அதிலும் எனக்கு வந்த பேய்த் தொடரை எந்தச் செயலியிலும் பார்க்க முடியாது; உரிமைத் தகராறில் தூக்கிவிட்டார்கள். அதனால் பெட்டி பெட்டியாகப் போகிறது. முந்தைய சீசன்களுக்கு எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கடைசி சீசன் என் தலையில்.

முதலாளியை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்: "இந்தக் கடைசி சீசன் பெட்டி வெளிய போகட்டும்மா. அப்புறம் உன்னை வெச்சுக்கறதா வேண்டாமான்னு சொல்றேன்."

அந்தத் தொடர் டிவியில் ஓடியபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மயிலாப்பூர் குளத்துப் பக்கம் ஒரு பழைய வீடு. அங்கே கல்யாணமாகி வரும் மருமகள். அந்த வீட்டில் முன்பு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் குடியிருந்தவள், அந்த வீட்டுக் கிணற்றில் செத்துப்போயிருக்கிறாள். அவள் மருமகளுக்குள் புகுந்துகொள்கிறாள். ஆனால் மற்றத் தொடர்களில் வருகிற மாதிரி கண் சிவக்காது, முடி பறக்காது, குரலும் மாறாது. பேச்சுதான் மாறும். அதுவரை "என்ன வேணும்மா" என்று கேட்டுக்கொண்டிருந்த மருமகள், திடீரென்று திரும்பி, "இன்னா வோணும்?" என்பாள். அவ்வளவுதான். மாமியார் கையிலிருந்து டம்ளர் விழும்.

கடைசி எபிசோடில் பூஜை போட்டு ஆவியை ஓட்டிவிடுவார்கள். வீடு நிம்மதியாகச் சாப்பிட உட்காரும். மாமியார் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மோர் இருக்கோடி?" என்று கேட்பாள். மருமகள் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, சாதாரணமாக, தன் குரலிலேயே, "மோரா? கீது" என்பாள். மாமியார் கவனிக்காமல் சாதத்தைப் பிசைவாள். பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். மூன்று சீசனும் அந்த ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

அன்று எங்கள் தெருவில் விசில் பறந்தது. எதிர்வீட்டில் யாரோ தட்டைத் தட்டினார்கள். அம்மா சொன்னாள்: "டிவில வர்ற பேய்ங்கல்லாம் சுத்தத் தமிழ் பேசிகினு திரியுதுங்க. இது ஒண்ணுதான் நம்ம பாஷை பேசுது. பூடுமோன்னு பயந்துட்டேன்."

இப்போது அதே சீசனுக்கு நான் எழுத வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. யார் எப்படிப் பேசினாலும் எழுத்தில் வருவது எழுத்துத் தமிழ். "வூட்டுல" என்றாலும் "ஆத்துல" என்றாலும் திரையின் கீழே "வீட்டில்" என்றுதான் வரும். இந்த விதிக்குக் காரணமும் இருந்தது. முன்பு ஒரு தொடரில் பேச்சுவழக்கை அப்படியே விட்டிருக்கிறார்கள். பிழைகள், பிழைகள் என்று கடிதம் மேல் கடிதம் வந்திருக்கிறது. டிஸ்க்கை ஒருமுறை அச்சடித்துவிட்டால் திருத்தவும் முடியாது. எனக்கு மேலே இருந்த மேடம் இதை முதல் நாளே விளக்கினார். ஒற்றுப்பிழை இல்லாதவளுக்கு இந்த விதி பிடிக்காமல் போகுமா. மிகவும் பிடித்தது.

இரண்டாவது எபிசோடிலேயே அந்தப் பிடிப்பு ஆட்டம் கண்டது. மருமகள் அடுப்படியில் நிற்கிறாள். "இன்னா பாக்கற? இது என் அடுப்பு" என்கிறாள். நான் எழுதினேன்: "என்ன பார்க்கிறாய்? இது என் அடுப்பு." ஒலியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். ஒரு மருமகள் தன் அடுப்பைப் பற்றிப் பேசுகிறாள். பேயைக் காணோம்.

மேடத்திடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, ஆவி பேசும் இடங்களில் முன்னால் 'ஆவி:' என்று போட்டுவிடச் சொன்னார். போட்டேன். சீசன் முழுவதும் ஓரளவுக்குத் தாங்கியது.

கடைசிக் காட்சியில் தாங்கவில்லை. அங்கே 'ஆவி:' என்று போட்டால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே விஷயம் வெளியே வந்துவிடும். போடாவிட்டால் விஷயமே இல்லை. விதிப்படி "மோரா? இருக்கிறது" என்று எழுதினேன். எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

எங்கள் எழுத்துகளைச் சரிபார்க்க அடையாறில் ஒரு பெண் இருந்தாள். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவள். விடுமுறை நாட்களில் எங்கள் கோப்புகளைப் பார்த்துத் தருவாள். நான் அதுவரை அவளை நேரில் பார்த்ததில்லை. ஃபோனில் செய்தி மட்டும். கடைசி எபிசோடை அனுப்பிய அன்று அவளிடமிருந்து வந்தது:

"கோப்பு பாதியில் நின்றுவிட்டதா? மோர் இருக்கிறது என்கிறாள். பிறகு பெயர்கள் ஓடுகின்றன. மோர் இருந்தால் என்ன?"

மேடத்திடம் ஃபோனைக் காட்டினேன். முதலில் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"கீதுன்னு போட்டுடலாம் மேடம். அந்த ஒரு இடத்துல மட்டும்."

"ஒரு இடத்துல போட்டா அது அச்சுப்பிழை. அதுக்கு முன்னாடி ஆவி எங்கயுமே அப்படிப் பேசலியே, எழுத்துல."

"அப்ப ஆவி பேசற எல்லா இடத்துலயும் மாத்திடறேன்."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "யோசிச்சுப் பாரு. எல்லாரும் ஒழுங்கா எழுத்துத் தமிழ் பேசறாங்க. பேய் மட்டும் கீது, இஸ்துகினு வா. படிக்கறவங்களுக்கு என்ன தோணும்? இப்படிப் பேசறவங்கன்னாலே பேய்னு ஆயிடாதா? அந்த ஜனங்களைக் கிண்டல் பண்ற மாதிரி இருக்காதா? நான் உனக்காகத்தான் சொல்றேன்."

உனக்காகத்தான். நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவரிடம் சொன்னதே இல்லை. ஆனால் என் முகவரி அலுவலகத்தில் இருக்கிறதே.

நான் படியிறங்கினேன். பனகல் பார்க் வரைக்கும் நடந்தேன், திரும்பினேன். டீ வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தப்பில்லை. என் அம்மாவின் பேச்சைப் பேயின் அடையாளமாக அந்தத் தொடர் ஆக்கியிருக்கிறது என்பது, விசில் சத்தத்தில் எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது அதை நானே எழுத்தில் போட்டு அச்சடிக்க வேண்டுமா? போடாவிட்டால், கிணற்றில் ஒருமுறை செத்த அந்தப் பாத்திரம் விளக்குகிறவள், என் கையால் இன்னொருமுறை சாகிறாள். இரண்டில் எதைத் தொட்டாலும் சுட்டது.

அன்று பஸ்ஸில் உட்கார முடியவில்லை. லஸ் கார்னரிலேயே இறங்கி வீடு வரைக்கும் நடந்தேன்.

அம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "யம்மா, நீ பேசற மாதிரியே எழுதி டிவில போட்டா, உனுக்குக் கோவம் வருமா?" என்று கேட்டேன்.

"நான் பேசறத எவன் எழுதப் போறான்?"

"எழுதுனா?"

"ஒருவாட்டி எழுதனான். போலீஸ் டேசன்ல." அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "என் தராசத் திருடிகினு பூட்டான் பாரு ஒருத்தன், அப்ப. 'அந்த பேமானி தராச தூக்கினு ஓடிட்டான் சார்'ன்னு சொன்னேன். எழுதிட்டுப் படிச்சிக் காட்டனாரு. 'மேற்படி நபர் எடைக்கருவியைக் களவாடிச் சென்றுவிட்டார்.' சென்றுவிட்டாராம். திருடனுக்கு இன்னா மருவாத."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இன்னாத்த சொல்றது. இது யாரு சொன்னதுன்னு கேட்டேன். நீதாம்மா சொன்னன்னாரு. கைநாட்டு வெச்சிட்டு வந்தேன்." பிறகு என்னைப் பார்த்து, "இன்னாடி, உன் மூஞ்சி ஒரு மாதிரியா கீது? வேலய உட்டுத் தூக்கிட்டானா?" என்றாள்.

"இல்ல. இன்னும் இல்ல."

மறுநாள் மேடமும் நானும் ஒரு எபிசோடைச் சேர்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய ஃபோன் அடித்தது. மயிலாப்பூரில் இருக்கும் அவருடைய அம்மா. மேடம் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, குரலைத் தணித்துப் பேசினார். "சீக்கிரமே கெளம்பி வந்துடறேன்மா. நீ சாப்ட்டுடு. ரசம் இருக்கோன்னோ, அது போறும். மாத்திரையைப் போட்டுண்டு படுத்துக்கோ." வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். "வீட்ல அம்மா தனியா இருக்காங்க. சரி, எங்க விட்டோம்?"

என்னால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"மாமியாரையும் நாம அழிச்சிருக்கோம் மேடம்."

"என்னது?"

"அந்தம்மா 'யாருடி நீ, எங்காத்துல நோக்கு என்ன வேலை'ன்னு கேக்கறாங்க. நாம 'யார் நீ, எங்கள் வீட்டில் உனக்கு என்ன வேலை'ன்னு போட்டிருக்கோம். மருமகள் சாதாரணமா இருக்கும்போது மதுரைப் பக்கம் பேசறா. அதுவும் போச்சு. பேய் மட்டும் வேற மாதிரி பேசினாத்தானே கிண்டல்? எல்லாரும் அவங்கவங்க வாயில வர்றபடியே பேசினா? அப்ப யாரும் தப்பாப் பேசல. அவங்கவங்க பேசறாங்க, அவ்வளவுதான்." சொல்லலாமா என்று நினைப்பதற்குள் சொல்லிவிட்டேன். "நீங்க இப்ப ஃபோன்ல பேசின மாதிரி. நான் வீட்ல பேசற மாதிரி."

மேடத்தின் முகம் சிவந்தது. கோபமா வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

"மொத்த சீசனும் திரும்ப எழுதணும். தெரியுமா?"

"தெரியும்."

"சாரும் ஒத்துக்கணும்." பேனாவை மூடி, திறந்து, மூடினார். "முதல்ல ரெண்டு எபிசோட் பண்ணு. அந்த 'ஆவி:' எல்லாம் எடுத்துடு. அடையாறுப் பொண்ணுகிட்ட காட்டு. அவளுக்குக் காதே கேக்காது. கீதுங்கறது எப்படி ஒலிக்கும்னே அவளுக்குத் தெரியாதே. அவளுக்குப் புரியலேன்னா இதோட விட்டுடணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வி எனக்கு வரவில்லையே என்று வேறு எரிச்சல்.

இரண்டாவது எபிசோடையும் கடைசி எபிசோடையும் மாற்றி எழுதி, ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு அடையாறு போனேன். மரங்கள் மூடிய ஒரு தெருவில் மாடி வீடு. என் வயதுதான் அவளுக்கு. காபி கொடுத்தாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். எழுந்து ஜன்னல் வரைக்கும் போனேன். அவள் கையைத் தட்டி, உட்கார் என்று சைகை காட்டினாள். என் கால் ஆடினால் சோபாவும் ஆடுகிறதாம்.

அடுப்படிக் காட்சி வந்தது. திரையில் "இன்னா பாக்கற? இது என் அடுப்பு." அவள் நிறுத்தினாள். ஃபோனை எடுத்துத் தட்டி என் பக்கம் நீட்டினாள்.

"இது மருமகள் இல்லை."

கடைசி எபிசோடைப் போட்டேன். பூஜை, புகை, கண்ணீர், சாப்பாடு. "மோர் இருக்கோடி?" ஃபிரிட்ஜ் திறந்தது. "மோரா? கீது." பெயர்கள் ஓடின. அவள் பின்னால் நகர்த்தி மறுபடி ஓட்டினாள். பிறகு பக்கத்திலிருந்த தலையணையை எடுத்து என்னை ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"போகவே இல்லை. உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். இதையா மோர் இருக்கிறது என்று அனுப்பினாய்?"

மேடத்தின் கேள்வியை அவளுக்கு எழுதிக் காட்டினேன். இந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று தெரியாமல் எப்படிப் புரிந்தது?

அவள் வேகமாகத் தட்டினாள். "எப்படி ஒலிக்கும் என்று தெரியாது. யார் அப்படி எழுதுவார்கள் என்று தெரியும். என் அண்ணன் அவன் நண்பர்களோடு ஃபோனில் அப்படித்தான் அரட்டை அடிப்பான். நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் பாடப்புத்தகம் மாதிரி எழுதுவான். எல்லோரும் எனக்கு அப்படித்தான் எழுதுகிறார்கள். நீயும்."

அதைப் படித்துவிட்டு எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் மறுபடி தட்டினாள். "நீ வீட்டில் எப்படிப் பேசுவாய்?"

பஸ்ஸுக்கு இந்தப் பக்கம் நான் அதுவரை அந்த நாக்கை வெளியே எடுத்ததில்லை. எழுதியதுமில்லை. எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினேன். "உங்க வூட்டு காபி ஷோக்கா கீது."

அவள் சிரித்தாள். அவள் சிரிப்புக்குச் சத்தம் இருந்தது. நல்ல பெரிய சத்தம்.

திங்கட்கிழமை மேடம்தான் சாரிடம் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். சார் இரண்டு காட்சிகளையும் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா வாங்கறவன் ஸ்பெல்லிங் மிஸ்டேக்னு பெட்டியைத் திருப்பி அனுப்பினான்னா? ஏற்கெனவே ஒருவாட்டி பட்டிருக்கேன்."

"பெட்டியோட உள்ளேயே ஒரு வரி போட்டுடலாம் சார். பாத்திரங்கள் பேசுகிறபடியே எழுதப்பட்டுள்ளதுன்னு" என்றார் மேடம்.

"அதை எவன் படிக்கப் போறான்." சார் என்னைப் பார்த்தார். "தேதி தள்ளிப் போகாது. அதுக்குள்ள முடிக்கணும். பெட்டி திரும்பி வந்துதுன்னா, உன்னை வெச்சுக்கறதைப் பத்தின பேச்சே இல்ல. சரியா?"

"சரி சார்." கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பேசுகிறதை எழுதுவது, பேசுவது மாதிரி சுலபம் என்று நினைத்திருந்தேன். அகராதி கிடையாது. அழைத்துக்கொண்டு என்பதை "அய்ச்சிகினு" என்று எழுதுவதா, "அழச்சிகினு" என்று எழுதுவதா? எழுதிப் பார்த்தால் இரண்டும் தப்பாகத் தெரியும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் எது சரி என்று தெரியும். முதலில் முணுமுணுத்தேன். பிறகு குரல் தானாக ஏறியது. எதிர்வரிசையில் கணக்கு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பட்டம் வாங்கி, பிழையில்லாமல் எழுதி, இந்த நாற்காலிக்கு வந்து, நான் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது "இன்னாமே, உன் ரவுசு தாங்கல" என்பது.

மாமியாரின் வசனங்களை மேடம் தானே எடுத்துக்கொண்டார். அவற்றை வேறு யாரும் தொடக்கூடாது என்றார். ஒருநாள் மாமியாருக்கும் ஆவிக்கும் கிணற்றடியில் நடக்கிற பெரிய சண்டையை இரண்டு பேரும் சேர்ந்து சரிபார்த்தோம். அவர், "ஏண்டி, நன்னாருக்கே நீ பேசறது, ஒனக்கு நாங்க என்ன கொறை வெச்சோம்?" என்று வாசிக்க, நான், "கொறையா? நாஷ்டா துன்னியான்னு ஒருநாள் கேட்டுகீறியா நீ?" என்று எகிற, சத்தம் கேட்டு சார் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"இன்னா, சண்டையா?"

நாங்கள் இரண்டு பேரும் அவரையே பார்த்தோம். அவருக்கு நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேலை நடக்கட்டும்" என்று கதவை மூடினார்.

கோப்புகளைக் கடைசி நாள் மதியம் அனுப்பினோம். அன்று நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அனுப்பின பிறகு, அனுப்பின கோப்பையே மறுபடி திறந்து படித்தேன். ஒரு "கினு" விட்டுப்போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

பெட்டிகள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்த பிறகு, ஃபோனில் எது ஒலித்தாலும் பாய்ந்து எடுத்துப் பார்த்தேன். அடையாறுக்காரி தினமும் கேட்பாள்: "இன்னா ஆச்சு?" அவள் அண்ணனிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள், இப்போது என்னைவிட நன்றாக எழுதுகிறாள். ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுவேன். மேடம் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பாமலே தன் அம்மாவோடு பேச ஆரம்பித்திருந்தார். எனக்கு மட்டும் எதுவும் நிலைகொள்ளவில்லை. தேர்வு முடிவுக்குக் காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனால் தேர்வுகளில் நான் எழுதினது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும்.

முதல் மின்னஞ்சல் போன வாரம் வந்தது. வெளிநாட்டில் குடியிருக்கும் ஒரு பெரியவர். பெட்டி நன்றாக இருக்கிறது, எழுத்து பெரிதாக இருப்பதால் தன் மனைவிக்கும் பார்க்க வசதியாக இருக்கிறது, அந்த அம்மாவுக்கு இப்போது காது மந்தம் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "இறுதிக் காட்சியில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளவும்." சீசன் முழுக்க வந்த 'இன்னா'க்களை அவர் பிழை என்று சொல்லவில்லை; அந்த ஒரு 'கீது' மட்டும்.

சார் அதை எனக்கு அனுப்பி, மேலே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். பிறகு நேரிலும் வந்தார். "பெட்டியைத் திருப்பி அனுப்பல. ஆனா பிழைன்னு சொல்லிட்டார். இதை எந்தக் கணக்குல வெக்கறது?"

"அவரோட மனைவி என்ன சொன்னாங்கன்னு கேக்கணும் சார்" என்றேன். "எழுத்தை நம்பிப் பாக்கறவங்க அவங்கதானே."

"கேளு. நீயே பதில் எழுது. அவங்க சொல்றதை வெச்சு உன் விஷயத்தைப் பேசிக்கலாம்."

அன்றே எழுதினேன். அது பிழையல்ல என்றும் எழுதவில்லை, மன்னிக்கவும் என்றும் எழுதவில்லை. அந்த இடம் வந்தபோது உங்கள் மனைவி என்ன செய்தார் என்று மட்டும் கேட்டிருந்தேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும் என்று இருக்க எனக்குத் தெரியாது. எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். அலமாரியில் முதல் சீசன் பெட்டி கண்ணில் பட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் விதிப்படி எழுதியது. எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று சீசனிலும் அந்தக் கிணற்றுப் பெண் முதல்முதலாக வாயைத் திறக்கும் காட்சி அதில் இருக்கிறது. திரையின் கீழே அவள் அப்போது ஒரு தமிழாசிரியை மாதிரி பேசுகிறாள்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தப் பெட்டி மறுபடி அச்சாகுமா என்பதும் தெரியாது. என்னை வைத்துக்கொள்வார்களா என்பதே தெரியாது. முதல் சீசனின் முதல் எபிசோடை முழுவதும் மாற்றி எழுதி, இன்று காலை மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். மாமியாரின் வரிகளை மட்டும் அவருக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.